ஒரு வாடிக்கையாளரைச் சரிபார்க்க உண்மையில் எவ்வளவு ஆகிறது? கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

அடையாளச் சரிபார்ப்புச் சேவை விற்கும் நிறுவனங்களின் விலைப்பட்டியலில் ஒரு எண் பளிச்சென்று இருக்கும்: ஒரு சோதனைக்கு இவ்வளவு. தொழில் நடத்துபவர் அந்த எண்ணை மாதம் வரும் வாடிக்கையாளர் எண்ணிக்கையால் பெருக்குவார், பட்ஜெட்டில் ஒரு வரி எழுதுவார், அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பில் அந்தத் தொகையைத் தாண்டியிருக்கும். அதாவது பரவாயில்லை, கண்ணில் படுகிறது. பில்லிலேயே வராத செலவு அதைவிடப் பெரிதாக வேறு மூன்று, நான்கு துறைகளின் கணக்கில் சிதறிக் கிடக்கும். அதை யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி அந்தக் கூட்டலைச் செய்வதற்குத்தான். என் கட்சி இது: 'ஒரு சோதனைக்கு எவ்வளவு' என்று கேட்பதே தவறு. 'ஒரு நல்ல வாடிக்கையாளர் சரிபார்க்கப்பட்டு உள்ளே வந்து சேர எவ்வளவு ஆனது' என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கான பதில் விற்பவரிடம் இருக்கிறது. இரண்டாவதற்கான பதில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

எந்த நாட்டு நாணயத்தோடும் கட்டிப் போடாமல் 'அலகு' என்ற கற்பனை நாணயத்தில் கணக்குப் போடுகிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எதற்காக, எங்கெங்கே சரிபார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு முதலில் காரணத்தை எழுதுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: சட்டம் கேட்கிறது, மோசடியால் பணம் போகிறது, அல்லது உங்கள் தளத்தில் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டியிருக்கிறது.

வங்கி, பணப் பரிமாற்றம், கிரிப்டோ போன்ற தொழில்களில் இருப்பவர்களுக்குச் சட்டம் வழிவிடாது. கருப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989-இல் ஜி7 நாடுகள் உருவாக்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு (சுருக்கமாக எஃப்ஏடிஎஃப்) 40 பரிந்துரைகளை வைத்திருக்கிறது. அவற்றில் 10-வது, வாடிக்கையாளர் யார் என்று அறிந்துகொள்ளும் கடமையைப் பற்றியது. உலகின் பெரும்பாலான நாடுகள் தங்கள் கேஒய்சி (உன் வாடிக்கையாளரை அறிந்துகொள்) சட்டங்களை இந்த அடித்தளத்தில்தான் கட்டியிருக்கின்றன. இங்கே சரிபார்ப்பைக் கைவிட முடியாது, செய்யும் விதத்தை மட்டும் மாற்றலாம்.

காரணம் மோசடி என்றால் கதை வேறு. மோசடியால் போகும் பணத்தைவிடச் சரிபார்ப்புக்கு ஆகும் செலவு கூடுதலாக இருந்தால், நஷ்டத்தைத் தடுக்கிறேன் என்று நீங்களே நஷ்டத்தை உண்டாக்கிக்கொள்கிறீர்கள். கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் நடக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய மோசடி நடந்த மறுவாரம் எடுக்கும் முடிவுகளால்.

அப்புறம் இடங்கள். கணக்குத் தொடங்கும்போது சரிபார்ப்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் முறை பணம் எடுக்கும்போது, வரம்பை உயர்த்தும்போது, கைபேசி எண்ணை மாற்றும்போது, ஆவணம் காலாவதியாகும்போது, கடவுச்சொல்லும் போய் மின்னஞ்சலும் போய் ஒருவர் கணக்கை மீட்கக் கேட்கும்போது என்று மற்றவை பின்னால் வரும். கடைசியாகச் சொன்னதைத்தான் அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள். அங்கே வரும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் பழைய வாடிக்கையாளர். ஆள்மாறாட்டக்காரர்களுக்கும் அதுவே பிடித்த வாசல்.

படி 2: பில்லைப் பிரித்துப் படியுங்கள்

'சரிபார்ப்பு' என்று ஒரே சொல்லில் விற்கப்படுவது உள்ளே பல துண்டுகள். ஆவணத்தின் படத்தை வாசிப்பது ஒன்று. அந்த ஆவணம் அசலா என்று பார்ப்பது இன்னொன்று. செல்ஃபியை ஆவணப் படத்தோடு ஒப்பிடுவது, கேமரா முன் இருப்பது உயிருள்ள ஆளா என்று பார்க்கும் லைவ்னெஸ் சோதனை, அரசுத் தரவுத்தளத்தில் தேடுவது, தடைப் பட்டியல்களிலும் (அரசுகள் பொருளாதாரத் தடை விதித்தவர்களின் பட்டியல்கள்) அரசியல் பதவியில் இருப்போர் பட்டியல்களிலும் பெயரைத் தேடுவது, அந்தத் தேடலைத் தினமும் தொடர்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை இருக்கலாம்.

ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்:

- கட்டணம் முயற்சிக்கா, ஆளுக்கா, வெற்றிக்கா? ஒருவர் மூன்று முறை படம் எடுத்தால் எத்தனை சோதனையாக எண்ணுவார்கள்?
- படம் மங்கலாக இருந்து அவர்கள் பக்கமே நிராகரித்தால் அதற்கும் கட்டணமா?
- மாதக் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு? மந்தமான மாதத்தில் அதைக் கட்டினால் ஒரு சோதனையின் விலை என்ன ஆகிறது?
- ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டினால் விலை ஏறுமா, இறங்குமா?
- அவர்கள் ஊழியர்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும் முடிவுக்குத் தனிக் கட்டணமா?
- ஒப்பந்தம் முடிந்தால் பழைய சரிபார்ப்புப் பதிவுகளை எந்த வடிவில், எந்த விலையில் திருப்பித் தருவார்கள்?

கடைசிக் கேள்வியைக் கையெழுத்துப் போடும் முன் கேட்பவர்கள் குறைவு. பிரியும்போது எல்லோரும் கேட்கிறார்கள்.

படி 3: ஆட்களை எண்ணாதீர்கள், முயற்சிகளை எண்ணுங்கள்

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு மாதத்தில் 10,000 பேர் பதிவைத் தொடங்குகிறார்கள். 'அடையாள ஆவணத்தைப் படம் எடுக்கவும்' என்ற திரையைப் பார்த்ததுமே 1,500 பேர் போய்விடுகிறார்கள். மீதி 8,500 பேர் ஒரு முறையாவது முயல்கிறார்கள். அவர்களில் 2,000 பேர் இரண்டாவது முறை முயல்கிறார்கள், 500 பேர் மூன்றாவது முறை. மொத்தம் 11,000 முயற்சிகள். முயற்சிக்கு 1 அலகு என்றால் பில் 11,000 அலகு.

8,500 பேரில் 6,800 பேரை இயந்திரம் தானாகவே ஏற்றுக்கொள்கிறது. 1,000 பேர் சந்தேகத்துக்குரியவர்கள் என்று மனிதப் பரிசீலனைக்குப் போகிறார்கள், அவர்களில் 700 பேர் தேறுகிறார்கள். மற்ற 700 பேர் இயந்திரத்தால் நிராகரிக்கப்பட்டோ, பாதியில் அலுத்துப்போயோ கழன்றுகொள்கிறார்கள். ஆக உள்ளே வந்தவர்கள் 7,500 பேர்.

உள்ளே வந்த 7,500 பேருக்கும் பெயர்த் தேடல் உண்டு, தலைக்கு 0.2 அலகு. அது 1,500. ஆக வெளியாருக்குக் கொடுத்தது 12,500 அலகு, ஆளுக்கு 1.67. விலைப்பட்டியலில் இருந்த 1-ஐ விட அதிகம், ஆனாலும் பயப்படும்படி இல்லை. பல நிறுவனங்களில் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

படி 4: மனித நேரத்துக்கு விலை போடுங்கள்

மனிதப் பரிசீலனைக்குப் போன 1,000 பேருக்கும் தலா 12 நிமிடம் ஆகிறது என்றால் மொத்தம் 200 மணி நேரம். ஒரு மணிக்கு 20 அலகு என்று வைத்தால் 4,000. இந்த 20-இல் சம்பளத்தை மட்டும் போடாதீர்கள். விடுப்பு, பயிற்சி, மென்பொருள் உரிமம், மேற்பார்வையாளர் மறுபடி சரிபார்க்கும் நேரம், இரவு முறை இருந்தால் அதற்கான படி எல்லாம் சேர வேண்டும்.

12 நிமிடம் என்ற எண்ணையும் மேலாளரிடம் கேட்டு எழுதாதீர்கள். அவர் 'ரெண்டு, மூணு நிமிஷம்' என்பார். கோப்பைத் திறந்ததிலிருந்து முடிவெழுதி மூடியது வரையான நேரமுத்திரை உங்கள் மென்பொருளிலேயே இருக்கும், அதை எடுங்கள். வரிசையில் கோப்பு காத்திருந்த நேரத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். அது ஊழியர் செலவு அல்ல, ஆனால் அந்த நேரத்தில் வாடிக்கையாளர் வேறு இடத்தில் கணக்குத் தொடங்கிக்கொண்டிருப்பார்.

பெயர்த் தேடலில் இன்னொரு வேலை கிளம்பும். தடைப் பட்டியலில் இருக்கும் பெயரும் உங்கள் வாடிக்கையாளர் பெயரும் ஒத்துப்போனால் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒரு எழுத்து முறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பெயர்களில் இது ஓயாத தொல்லை. முகமது என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தேடலைத் தளர்த்தினால் வேண்டாத பெயர்கள் வந்து குவியும், இறுக்கினால் வேண்டியவர் நழுவுவார். நம் உதாரணத்தில் 7,500 பேரில் 300 பேர் பெயர் ஒற்றுமையில் சிக்குகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், அதாவது 100 மணி நேரம், 2,000 அலகு. கடைசியில் 300 பேரும் வெறும் பெயர் ஒற்றுமை என்று தெரிகிறது. இந்த வேலையைச் செய்பவர்களிடம் கேளுங்கள், கிட்டத்தட்ட எல்லா நாளும் இப்படித்தான் முடிகிறது என்பார்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கு வரும் அழைப்புகளையும் சேருங்கள். 'ஏன் நிராகரித்தீர்கள்', 'படம் ஏறவில்லை', 'எத்தனை நாள் ஆகும்' என்று 900 பேர், ஆளுக்கு 8 நிமிடம். 120 மணி நேரம், 2,400 அலகு. இந்தச் செலவு சேவைத் துறையின் கணக்கில் இருக்கும், சரிபார்ப்புக் குழுவுக்கு இது நடப்பதே தெரியாது. அழைப்புகளுக்குக் குறியிடும்போது 'சரிபார்ப்பு' என்று ஒரு குறி சேர்த்துவிடுங்கள், ஒரு மாதத்தில் உண்மையான எண் கிடைத்துவிடும்.

படி 5: போய்விட்ட நல்லவர்களை எண்ணுங்கள்

இதுதான் பெரிய செலவு, இதற்குத்தான் பில் வராது.

10,000 பேர் தொடங்கினார்கள், 7,500 பேர் வந்தார்கள். காணாமல் போன 2,500 பேர் யார்? மோசடிக் குழு 'பாருங்கள், எத்தனை பேரைத் தடுத்திருக்கிறோம்' என்று சொல்லும். விற்பனைக் குழு 'எங்கள் வாடிக்கையாளர்களை விரட்டிவிட்டீர்கள்' என்று சொல்லும். இருவரும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறார்கள், இருவரும் முழுக்கச் சரியில்லை. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். கையில் ஆவணம் இல்லாமல் 'அப்புறம் செய்யலாம்' என்று போனவர்கள், செல்ஃபி கொடுக்கப் பிடிக்காதவர்கள், பழைய கைபேசியில் கேமரா தெளிவில்லாதவர்கள், ஆவணம் ஒரு பெயரிலும் வங்கிக் கணக்கு வேறு எழுத்துக்கூட்டலிலும் இருப்பவர்கள் இருக்கிறார்கள். என் பெயரே இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருப்பதால் இந்தக் கடைசி வகையின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள்தான், ஆனால் சிறுபான்மையாக.

இவர்களில் எத்தனை பேர் நல்ல வாடிக்கையாளர் ஆகியிருப்பார்கள் என்று கணிக்கச் சில வழிகள் உண்டு.

சட்டம் தடுக்காத தொழில் என்றால், வருபவர்களில் ஒரு சிறு பகுதியைக் குலுக்கல் முறையில் பிரித்து, அவர்களுக்குச் சரிபார்ப்பைத் தள்ளிப்போடுங்கள். பணம் வெளியே போகும் முன் சரிபார்த்தால் போதும். இரண்டு மாதம் கழித்து இரு குழுக்களிலும் தங்கியவர்கள் எத்தனை, செலவழித்தவர்கள் எத்தனை, ஏமாற்றியவர்கள் எத்தனை என்று ஒப்பிடுங்கள். இதைவிடத் தெளிவான விடை வேறெதிலும் கிடைக்காது.

சட்டம் இடம் கொடுக்காத தொழில் என்றால், சரிபார்ப்பை விட முடியாது, ஆனால் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். ஒரு குழுவுக்குப் படம் எடுப்பது முதல் திரையில், இன்னொரு குழுவுக்கு நான்காவது திரையில். இரண்டு சேவை நிறுவனங்களிடம் பாதிப் பாதியாக அனுப்பிப் பார்ப்பதும் ஒரு வழி.

இதெல்லாம் முடியாத சிறு தொழிலுக்கு எளிய வழி ஒன்று: பாதியில் போனவர்களில் 100 பேருக்கு எழுதிக் கேளுங்கள். எல்லோரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொல்பவர்கள் சொல்வதிலேயே பாதி விஷயம் வெளிவந்துவிடும். எந்தத் திரையில், எந்தக் கைபேசியில், எந்த வகை ஆவணத்தில் ஆட்கள் கழல்கிறார்கள் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். மொத்தச் சராசரி பல பாவங்களை மறைத்துவிடும்.

பிரித்துப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், முக அடையாள மென்பொருள்கள் பலவற்றில் ஒருவரை இன்னொருவராகத் தவறாகப் பொருத்தும் விகிதம் மக்கள் பிரிவுகளுக்கு இடையே 10 மடங்கு முதல் 100 மடங்குக்கு மேல்கூட வேறுபட்டது. எல்லா மென்பொருளும் அப்படியல்ல, சிலவற்றில் வேறுபாடு மிகக் குறைவு. உங்கள் சேவை நிறுவனம் எந்த வகை என்று தெரியாமல் மொத்த வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு குறிப்பிட்ட வயதினரையோ இனத்தவரையோ திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பது தெரியாமலே போகலாம். செலவு என்ற கணக்கைத் தாண்டி, அது சட்டச் சிக்கலாகவும் வந்து நிற்கும்.

நம் உதாரணத்தில், காணாமல் போன 2,500 பேரில் 800 பேர் நல்ல வாடிக்கையாளர்கள் ஆகியிருப்பார்கள் என்று சோதனையில் தெரிகிறது என்று வைப்போம். ஒருவரால் முதல் ஆண்டில் கிடைக்கும் லாபம் 30 அலகு. வருமானம் இல்லை, லாபம். வருமானத்தைப் போட்டுக் கணக்கைப் பயமுறுத்தலாக்கிவிடாதீர்கள். 800 பெருக்கல் 30, மொத்தம் 24,000 அலகு. வெளியாருக்குக் கொடுத்த பணத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

படி 6: உள்ளே நழுவியவர்களையும், தவறாகத் தடுத்தவர்களையும் ஒரே தராசில் வையுங்கள்

10,000 பேரில் 100 பேர் மோசடிக்காரர்கள் என்று கொள்வோம். உங்கள் சரிபார்ப்பு அவர்களில் 90% பேரைப் பிடிக்கிறது. 90 பேர் மாட்டினார்கள், 10 பேர் நழுவினார்கள். நல்லவர்கள் 9,900 பேர். அவர்களில் 3% பேரைத் தவறாக நிராகரிக்கிறது, அதாவது 297 பேர்.

மொத்தம் நிராகரிக்கப்பட்டவர்கள் 387. அவர்களில் 297 பேர் குற்றமற்றவர்கள், அதாவது நூற்றுக்கு 77 பேர். 90% பிடிக்கும், 3% மட்டுமே தவறும் என்று கேட்கும்போது அருமையான கருவியாகத் தெரிகிறது. ஆனால் மோசடிக்காரர்கள் நூற்றுக்கு ஒருவர்தான் என்பதால், நிராகரிக்கப்பட்ட நான்கு பேரில் மூன்று பேர் நல்லவர்கள். 'நிராகரிக்கப்பட்டவர் எல்லோரும் மோசடி' என்று டாஷ்போர்டில் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த டாஷ்போர்டு உங்களுக்குப் பொய் சொல்கிறது.

நழுவிய 10 பேரால் தலைக்கு 250 அலகு நஷ்டம் என்றால் 2,500. இங்கே பணம் மட்டும் கணக்கில் வந்திருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் தொழிலில், கட்டுப்பாட்டாளர் அபராதம் விதிப்பது 10 பேர் நழுவியதற்காக இருக்காது, பெரும்பாலும் சரிபார்ப்பு முறையே ஓட்டையாக இருந்ததற்காகத்தான் இருக்கும். அதை மாதக் கணக்கில் ஓர் எண்ணாகப் போட முடியாது. தனியாக ஒரு குறிப்பாக வைத்து நிர்வாகத்தின் முன் வையுங்கள்.

லைவ்னெஸ் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சிட்ட படம், திரையில் ஓடும் வீடியோ, முகமூடி போன்றவற்றைக் கேமராவுக்குக் காட்டி ஏமாற்றுவதை எவ்வளவு கண்டுபிடிக்கிறது என்று சோதிக்க ஐஎஸ்ஓ/ஐஇசி 30107-3 என்ற தரநிலை இருக்கிறது. சேவை நிறுவனம் அந்தச் சான்று வைத்திருந்தால் நல்லதுதான். ஆனால் கேமராவையே தாண்டி, மென்பொருள் வழியாகப் போலி வீடியோவை நேரடியாகச் செலுத்தும் தாக்குதல் வேறு வகை, அந்தச் சான்று அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 7: சேர்த்து வைத்த தரவின் பாரம்

ஒவ்வொரு சரிபார்ப்பும் ஓர் ஆவணப் படத்தையும் ஒரு முகத்தையும் உங்கள் பொறுப்பில் விட்டுச் செல்கிறது. சேமிப்பகத்தின் வாடகை அற்பம். பாரம் வேறு இடத்தில்.

எஃப்ஏடிஎஃப்-இன் 11-வது பரிந்துரைப்படி, வாடிக்கையாளர் உறவு முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டு இந்தப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். மறுபக்கம், 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் போன்ற சட்டங்கள், தேவைக்கு மேல் ஒரு நாள்கூடத் தனிநபர் தரவை வைத்திருக்காதே என்கின்றன. ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தும் முகத் தரவு ஜிடிபிஆரின் கணக்கில் தனிக் கவனம் வேண்டும் வகை. கடுமையான மீறல்களுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4%, எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம்.

வை என்கிறது ஒரு சட்டம், அழி என்கிறது இன்னொன்று. எதை, எத்தனை நாள், எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறீர்கள் என்ற அட்டவணையை வழக்கறிஞரோடு உட்கார்ந்து ஒரு முறை எழுதிவிட்டால் பிற்பாடு நிம்மதி. சட்டம் படத்தைக் கேட்காத தொழிலாக இருந்தால் 'இன்ன தேதியில், இன்ன முறையில் சரிபார்க்கப்பட்டார்' என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை அழித்துவிடலாம். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகம் திருடு போனால் மாற்ற முடியாது. உங்களிடம் இல்லாததை யாரும் உங்களிடமிருந்து திருட முடியாது.

படி 8: கட்டியதைப் பராமரிக்கும் செலவு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உங்கள் மென்பொருளைச் சேவை நிறுவனத்தோடு இணைக்கும் ஏபிஐ இணைப்பு ஒரு முறை செலவு என்று நினைப்பார்கள். கைபேசிச் செயலியில் சேர்த்த எஸ்டிகே-யை (அவர்கள் தரும் மென்பொருள் தொகுப்பை) ஆண்டுக்குப் பல முறை புதுப்பிக்க வேண்டும். நாடுகள் ஆவண வடிவத்தை மாற்றும்போது சோதித்துப் பார்க்க வேண்டும். சேவை நிறுவனம் ஒரு நாள் முடங்கினால் மாற்று வழி வேண்டும், அதற்கு இரண்டாவது ஒப்பந்தம் வேண்டும். இதற்கெல்லாம் பொறியாளர் நேரம் மாதம் 3,000 அலகு. தணிக்கை, ஊழியர் பயிற்சி, வழக்கறிஞர், சேமிப்பகம் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,600.

படி 9: கூட்டுங்கள்

முயற்சிக் கட்டணம் 11,000
பெயர்த் தேடல் 1,500
மனிதப் பரிசீலனை 4,000
பெயர் ஒற்றுமை விசாரணை 2,000
சேவை அழைப்புகள் 2,400
பொறியாளர்கள் 3,000
தணிக்கை முதலியன 1,600

இதுவரை 25,500. உள்ளே வந்த 7,500 பேரால் வகுத்தால் ஆளுக்கு 3.4 அலகு. இது கையிலிருந்து போன பணம்.

இழந்த நல்லவர்கள் 24,000, நழுவிய மோசடி 2,500. இரண்டையும் சேர்த்தால் 52,000. ஆளுக்கு ஏறத்தாழ 7 அலகு. (உள்ளே நழுவிய 10 பேரை நல்ல வாடிக்கையாளராக எண்ணக் கூடாதே என்பவர்கள் 7,490-ஆல் வகுத்துக்கொள்ளலாம், விடை அசையாது.)

விலைப்பட்டியலில் 1 என்று இருந்தது. சேவை நிறுவனத்துக்குப் போன பணம் மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை. அந்தக் கால்வாசியைக் குறைக்க மாதக்கணக்கில் பேரம் பேசிவிட்டு, முக்கால்வாசியைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் வழக்கமாக நடப்பது.

இந்த 3.4-ஐயும் 7-ஐயும் எப்போதும் தனித்தனியாகவே காட்டுங்கள். முதல் எண்ணைக் கணக்காளர் ஒப்புக்கொள்வார். இரண்டாவதில் உங்கள் கணிப்பு கலந்திருக்கிறது. கலந்து ஒரே எண்ணாகக் கொடுத்தால், கணிப்பைக் கேள்வி கேட்பவர் உறுதியான எண்ணையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

படி 10: இப்போது குறையுங்கள்

முதல் வேலை, எல்லோருக்கும் ஒரே கெடுபிடி என்பதைக் கைவிடுவது. எஃப்ஏடிஎஃப் பரிந்துரைகளே ஆபத்தின் அளவைப் பொறுத்துச் சரிபார்ப்பின் ஆழத்தை மாற்றச் சொல்கின்றன. ஆபத்து அதிகம் என்றால் கூடுதல் சோதனை, குறைவு என்றால் எளிமையான சோதனை. சிறு தொகை வைத்துப் புழங்குபவரையும் பெரும் தொகை அனுப்புபவரையும் ஒரே வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் எளிய சரிபார்ப்புக்கு எந்த வரம்புவரை இடம் தருகிறது என்று பாருங்கள். பல நிறுவனங்கள் பயத்தில் சட்டம் கேட்காததையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது வரிசை. மலிவான சோதனை முதலில், விலையுயர்ந்தது கடைசியில். பாஸ்போர்ட்டின் அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்குமே, அதை வகுத்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 ஆவணம். அந்த வரிகளுக்குள்ளேயே சரிபார்ப்பு இலக்கங்கள் இருக்கின்றன. 7, 3, 1 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி, 10-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி அந்த இலக்கமாக இருக்க வேண்டும். ஆவண எண்ணோ தேதியோ தவறாக வாசிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். இந்தச் சோதனைக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், கைபேசியே ஒரு நொடியில் செய்துவிடும். படம் மங்கலா, வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, ஆவணம் காலாவதியா என்பதையும் இப்படிக் கட்டணச் சோதனைக்கு அனுப்பும் முன்பே பார்த்துவிடலாம். முயற்சிகள் 11,000-இலிருந்து குறைவது இங்கேதான். ஆனால் சரிபார்ப்பு இலக்கம் வாசிப்புப் பிழையைத்தான் பிடிக்கும், கணக்குத் தெரிந்த போலி ஆவணக்காரரைப் பிடிக்காது. அதற்கு மின்னணு பாஸ்போர்ட்டின் சில்லு உதவும். அதிலுள்ள தரவில் ஆவணம் வழங்கிய நாடு மின்னணுக் கையொப்பம் இட்டிருக்கும், என்எஃப்சி (அருகில் வைத்தால் சில்லை வாசிக்கும் வசதி) உள்ள கைபேசியால் வாசிக்கலாம்.

பிழைச் செய்தியைத் திருத்துங்கள். 'சரிபார்ப்பு தோல்வி' என்று சொன்னால் அவர் அதே மங்கலான படத்தை அதே அறையில் மறுபடி எடுப்பார், நீங்கள் மறுபடி 1 அலகு கொடுப்பீர்கள். 'விளக்கு வெளிச்சம் அட்டையில் பட்டுத் தெறிக்கிறது, சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்' என்று சொன்னால் அடுத்த முயற்சியில் முடிந்துவிடும். இவ்வளவு மலிவான மருந்து இந்தத் தொழிலில் வேறில்லை, ஆனால் இதற்கு ஒதுக்கப்படும் நேரம்தான் மிகக் குறைவு. மோசடிக்காரருக்குத் துப்புக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் ஒரு காரணம். படத் தரத்தைப் பற்றிச் சொல்வதில் எந்தத் துப்பும் இல்லை. மோசடிச் சந்தேகத்தை மட்டும் வாய் திறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சேவை நிறுவனங்களை ஒப்பிடும் விதம். முயற்சிக்கு 1 அலகு கேட்பவர் ஒருவர், 1.4 கேட்பவர் இன்னொருவர். இரண்டாமவரிடம் முதல் முயற்சியிலேயே அதிகம் பேர் தேறுவதால் முயற்சிகள் 9,500 ஆகக் குறைகின்றன என்று வைப்போம். கட்டணம் 13,300, அதாவது 2,300 கூடுதல். ஆனால் மனிதப் பரிசீலனை பாதியாகிறது, 2,000 மிச்சம். இழந்த நல்லவர்கள் 800-இலிருந்து 600 ஆனால் 6,000 மிச்சம். விலை 40% அதிகம் சொன்னவர் மாதம் 5,700 அலகு மிச்சப்படுத்துகிறார். எண்கள் வேறு மாதிரி விழுந்தால் மலிவானவரே ஜெயிப்பார், அதையும் மறுக்கவில்லை.

இந்த எண்களை அவர்கள் காட்டும் டெமோவிலிருந்து எடுக்காதீர்கள். டெமோவில் வெளிச்சம் நன்றாக இருக்கும், கைபேசி புதிதாக இருக்கும், ஆள் தயாராக உட்கார்ந்திருப்பார். உங்கள் சொந்த வாடிக்கையாளர்களில் ஒரு பங்கை இரண்டு வாரம் இருவரிடமும் குலுக்கல் முறையில் அனுப்புங்கள். தேறியவர் எண்ணிக்கை, முயற்சிகள், பரிசீலனைக்குப் போனவை, பாதியில் போனவர்கள் ஆகிய நான்கையும் அன்றன்று குறித்து வையுங்கள். மோசடி எண் மட்டும் இரண்டு வாரத்தில் தெரியாது, உள்ளே வந்தவர் தன் வேலையைக் காட்டச் சில மாதம் ஆகும். அதனால் ஒப்பந்தத்தை முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் போடுங்கள், குறைந்தபட்சத் தொகை இல்லாமல்.